நிகழ்தகவுக் கணக்கில் கீழே வரும் எண்

சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகு. நிகழ்தகவு என்றால் என்ன என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இந்த ஒரு வரி வந்துவிடும். பகடையில் 4 விழ 1/6, நாணயத்தில் தலை விழ 1/2, முடிந்தது. சொல்லிக் கொடுக்கவும் அதிக நேரம் ஆகாது, தேர்விலும் மதிப்பெண் வந்துவிடும், அதனாலேயே இதைச் சுலபமான பாடம் என்று பலரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தச் சூத்திரத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது: கீழே நாம் எண்ணிப் போடுகிற விளைவுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமவாய்ப்பு உள்ளவையாக இருக்க வேண்டும். பாடத்தின் உயிர் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. மேலே வரும் எண்ணைப் பெரும்பாலும் யாரும் தப்பாக எண்ணுவதில்லை. கீழே வரும் எண்ணில்தான் பிள்ளைகள் மட்டுமல்ல, பெயர் பெற்ற கணித மேதைகளே சறுக்கியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் நிகழ்தகவு 9-ஆம் வகுப்பில் தனி இயலாக வருகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் எடுத்துக்கொண்ட காமன் கோர் பாடத்திட்டத்தில் 7-ஆம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. எப்படிப் பார்த்தாலும் 12 வயதிலிருந்து 14 வயதுக்குள் படிக்கிற விஷயம். பின்னம் தெரிந்தால் போதும், வேறு பெரிய முன்னறிவு எதுவும் தேவையில்லை.

முதலில் சொற்களைச் சட்டென்று பார்த்துவிடலாம். பகடையை உருட்டுவது ஒரு சோதனை. அதில் வரக்கூடிய ஒவ்வொன்றும் ஒரு விளைவு: 1, 2, 3, 4, 5, 6. இந்த ஆறையும் சேர்த்து எழுதினால் அது கூறுவெளி. அதிலிருந்து நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது நிகழ்ச்சி. 'பகா எண் விழ வேண்டும்' என்பது ஒரு நிகழ்ச்சி, அதற்குச் சாதகமானவை 2, 3, 5 ஆகிய மூன்று, ஆகவே 3/6, சுருக்கினால் 1/2. '7 விழ வேண்டும்' என்றால் 0/6, அது இயலா நிகழ்ச்சி. '7-ஐ விடக் குறைவாக விழ வேண்டும்' என்றால் 6/6, அது உறுதி நிகழ்ச்சி. எந்த நிகழ்தகவும் 0-விலிருந்து 1 வரைதான் இருக்கும், விடை 1-ஐத் தாண்டினால் எங்கோ தப்பு என்று அப்போதே தெரிந்துவிடும். ஒன்று நிகழ 1/6 என்றால் நிகழாமல் போக 5/6, இரண்டையும் கூட்டினால் எப்போதும் 1. சொற்கள் இவ்வளவுதான்.

சரி, இப்போது ஒரு பை. உள்ளே 5 சிவப்புக் கோலிக்குண்டு, 3 நீலம், 2 வெள்ளை. பார்க்காமல் ஒன்றை எடுத்தால் அது சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? 5/10 என்று நிறையப் பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் வகுப்பில் எப்போதும் சிலர் 1/3 என்பார்கள், மூன்று நிறம் இருக்கிறது, அதில் சிவப்பு ஒன்று, அதனால் மூன்றில் ஒன்று. இந்த விடையைத் தப்பு என்று அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகக் கூடாது. அந்தப் பிள்ளை சூத்திரத்தைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது, கூறுவெளியைத்தான் நிறங்களாக எழுதியிருக்கிறது. சிவப்பு, நீலம், வெள்ளை என்று எழுதுவதிலும் தப்பில்லை, அந்த மூன்றும் சமவாய்ப்பு உள்ளவை என்று எடுத்துக்கொண்டதுதான் தப்பு. இதற்கு நல்ல மருந்து, ஒவ்வொரு குண்டுக்கும் பெயர் வைப்பது. சிவப்பு 1, சிவப்பு 2, அப்படியே சிவப்பு 5 வரை, அப்புறம் நீலம் 1, 2, 3, கடைசியில் வெள்ளை 1, 2. கை உள்ளே போகும்போது தொடுவது குண்டைத்தான், நிறத்தை அல்ல. எல்லாக் குண்டும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு என்றால் பத்தில் எது வேண்டுமானாலும் கைக்கு ஒரே வாய்ப்பில் வரும். இப்போது கீழே 10 என்று போட நமக்கு உரிமை வந்துவிட்டது. சிவப்புக் குண்டுகள் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அந்த உரிமை போய்விடும், 5/10 என்ற விடையும் அதோடு போய்விடும்.

இதே தப்பு சொல் கணக்கில் வேறு உருவத்தில் வரும். 'கலகலப்பு' என்ற சொல்லின் எழுத்துகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுத்தால் அது 'க' ஆக இருக்க நிகழ்தகவு என்ன? க, ல, ப், பு என்று நான்கு எழுத்துகளை எழுதி 1/4 என்று போடுகிறவர்கள் உண்டு. சீட்டு ஆறு: க, ல, க, ல, ப், பு. விடை 2/6, அதாவது 1/3. ஒரே மாதிரி தெரிகிற இரண்டை ஒன்றாகச் சேர்த்து எண்ணிவிடுவதுதான் இந்தப் பாடத்தில் முக்கால்வாசித் தவறுகளுக்கும் வேர் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு நாணயத்துக்கு வரும்போது அந்த வேர் நன்றாகவே தெரியும். இரண்டு நாணயங்களைச் சுண்டினால் என்னென்ன விழலாம்? இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ. மூன்று விளைவு, ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/3. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாணயத்தை ஒரு ரூபாயாகவும் இன்னொன்றை ஐந்து ரூபாயாகவும் எடுத்துச் சுண்டிப் பாருங்கள். ஒரு ரூபாயில் தலையும் ஐந்து ரூபாயில் பூவும் விழுவது ஒன்று, ஒரு ரூபாயில் பூவும் ஐந்து ரூபாயில் தலையும் விழுவது இன்னொன்று. கூறுவெளியில் நான்கு இருக்கின்றன: தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ. ஒன்று தலை ஒன்று பூ விழ 2/4. இரண்டுமே ஒரு ரூபாய் நாணயமாக இருந்தால் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான், நாணயங்கள் விழுகிற விதம் மாறுவதில்லை.

இந்த இடத்தில் சறுக்கியவர்களில் ழான் லெ ரோன் தலம்பேர் ஒருவர். 18-ஆம் நூற்றாண்டின் பெரிய கணித மேதை, அலைச் சமன்பாட்டில் அவர் செய்த வேலையை இன்றும் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். 1754-ல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் நாணயம் சுண்டுவதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் இந்தக் கேள்வி வருகிறது: இரண்டு முறை சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழ வாய்ப்பு எவ்வளவு? அவர் வாதம் இப்படிப் போகிறது. முதல் தடவையே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, இரண்டாவது சுண்ட வேண்டியதே இல்லை. இல்லையென்றால் பூ விழுந்து அப்புறம் தலை, அல்லது பூ விழுந்து மறுபடி பூ. ஆக மூன்று நிலைமை, அதில் இரண்டு சாதகம், 2/3. வழக்கமான விடை 3/4 என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் அதைச் சந்தேகப்பட்டார். மூன்று நிலைமை என்று எண்ணியது தப்பில்லை, அவற்றில் 'முதலிலேயே தலை' என்பதற்கு 1/2 வாய்ப்பும் மற்ற இரண்டுக்கும் தலா 1/4 வாய்ப்பும் இருக்கிறது என்பதைக் கவனிக்காமல் மூன்றையும் சரிசமமாக எடுத்துக்கொண்டதுதான் தப்பு. 1/2-ஐயும் 1/4-ஐயும் கூட்டினால் 3/4 வந்துவிடுகிறது. பையில் மூன்று நிறம் என்று சொன்ன பிள்ளை செய்ததும் இதேதான், அதனால்தான் அந்த விடையை மரியாதையோடு எடுத்துப் பேச வேண்டும் என்கிறேன்.

லைப்னிட்சும் இதே மாதிரி ஒன்றைச் சொல்லியிருக்கிறார். இரண்டு பகடையில் கூட்டுத்தொகை 12 வர 6-6 என்று ஒரே வழி, 11 வர 5-6 என்று ஒரே வழி, ஆகவே இரண்டுக்கும் ஒரே வாய்ப்பு என்பது அவர் கணக்கு. ஒரு பகடையைச் சிவப்பாகவும் இன்னொன்றைப் பச்சையாகவும் நினைத்துக்கொண்டால் 11-க்கு 5-6, 6-5 என்று இரண்டு வழி வந்துவிடும். மொத்தம் 36 விளைவு, 11-க்கு 2/36, 12-க்கு 1/36. நுண்கணிதத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவருக்கே பிடிபடாமல் போன இடம் இது. 13 வயதுப் பிள்ளைக்கு உடனே புரியவில்லை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை.

நம் ஊரில் இதைச் சொல்லிக் கொடுக்கப் பகடையை விட நல்ல கருவி ஒன்று இருக்கிறது: தாயக்கட்டை. நீளமான பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம், ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்து உருட்டினால் மேலே வரும் புள்ளிகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும், இரண்டுமே வெறுமையாக விழுந்தால் மட்டும் அது 12. விதிகள் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், ஆனாலும் தாயம், அதாவது 1, விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது பொதுவான விதி.

இப்போது தாயம் விழ நிகழ்தகவு என்ன? விழக்கூடிய எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு, ஆகவே 1/7 என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், அதற்குத்தான் இந்தக் கணக்கு. ஒரு தாளில் நான்குக்கு நான்கு கட்டம் போடுங்கள், மேலே முதல் கட்டையின் 0, 1, 2, 3, இடது பக்கம் இரண்டாவது கட்டையின் 0, 1, 2, 3. மொத்தம் 16 கட்டம், கட்டை சதுர வெட்டுமுகத்தோடு சீராக வார்க்கப்பட்டிருந்தால் 16-க்கும் சமவாய்ப்பு. உள்ளே கூட்டுத்தொகையை நிரப்பினால் 1 என்பது இரண்டு கட்டத்தில் வரும், 0-1, 1-0. இரண்டு என்பது மூன்று கட்டத்தில், 3 என்பது நான்கு கட்டத்தில், 4 மறுபடி மூன்றில், 5 இரண்டில், 6 ஒன்றே ஒன்றில், 12 ஒன்றில். கூட்டிப் பாருங்கள், 2+3+4+3+2+1+1, 16 வந்துவிட்டது. ஆகவே தாயத்துக்கு 2/16, அதாவது 1/8. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் தலா 1/16. அதிகம் விழுவது 3, அதற்கு 1/4, ஆனால் ஆட்டம் தொடங்க அது எதற்கும் உதவாது. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்று வைத்து ஆடுகிறவர்கள் வீட்டில், மறுபடி உருட்டக் கிடைக்கும் நிகழ்தகவு 2+2+1+1 சேர்த்து 6/16, அதாவது 3/8.

தாயம் போடுகிறவர்களுக்கு ஒரு பழைய புலம்பல் உண்டு, 'மத்தவங்களுக்கெல்லாம் காய் இறங்கிடுச்சு, எனக்கு மட்டும் தாயமே விழ மாட்டேங்குது' என்று. 1/8 தெரிந்துவிட்டால் அதற்கும் பதில் சொல்லலாம். ஒரு தடவை விழாமல் போக 7/8. ஐந்து தடவை தொடர்ந்து விழாமல் போக 7/8-ஐ ஐந்து தடவை பெருக்க வேண்டும், அது ஏறக்குறைய 51 சதவீதம். பத்து தடவையும் விழாமல் போக 26 சதவீதம். அதாவது நான்கு பேர் ஆடுகிற ஆட்டத்தில் யாராவது ஒருவர் பத்து உருட்டு உருட்டியும் காய் இறக்காமல் உட்கார்ந்திருந்தால் அதில் அதிசயம் எதுவும் இல்லை. இந்தப் பெருக்கல் பகுதி 7, 8-ஆம் வகுப்புக்குக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் தாயம் ஆடுகிற பிள்ளைகள் இதைக் கேட்டால் விட மாட்டார்கள்.

வரலாற்றிலும் இந்தப் பாடம் சூதாட்டத்திலிருந்துதான் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. இத்தாலியில் கார்டானோ என்ற கணிதவியலாளர் 16-ஆம் நூற்றாண்டில் பகடை ஆட்டத்தைப் பற்றி எழுதி வைத்த நூல் அவர் இறந்த பிறகு 1663-ல்தான் அச்சானது. இரண்டு பகடைக்கு 36 விளைவு என்று எண்ணும் முறை அதில் தெளிவாக இருக்கிறது. கலிலியோவிடம் வந்த கேள்வி இன்னும் நுட்பமானது. மூன்று பகடையை உருட்டினால் 9-ஐ விட 10 கொஞ்சம் அதிகமாக விழுவது போல் இருக்கிறதே, ஏன் என்று கேட்டார்கள். 9 வர ஆறு சேர்க்கை: 1-2-6, 1-3-5, 1-4-4, 2-2-5, 2-3-4, 3-3-3. 10 வரவும் ஆறுதான்: 1-3-6, 1-4-5, 2-2-6, 2-3-5, 2-4-4, 3-3-4. அப்படியானால் ஒரே வாய்ப்பாக இருக்க வேண்டுமே? கலிலியோ ஒவ்வொரு சேர்க்கையும் எத்தனை விதமாக விழும் என்று எண்ணினார். மூன்று எண்ணும் வேறு வேறு என்றால் 6 விதம், இரண்டு ஒன்றாக இருந்தால் 3 விதம், மூன்றும் ஒன்று என்றால் 1 விதம்தான். 3-3-3 என்பதுதான் 9-ஐக் கீழே இழுத்துவிடுகிறது. மொத்தம் 216 விளைவில் 9-க்கு 25, 10-க்கு 27. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. அவ்வளவு சின்ன வித்தியாசத்தை உருட்டியே கவனித்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு நேரம் ஆடியிருப்பார்கள்! பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-ல் எழுதிக்கொண்ட கடிதங்களும் ஒரு சூதாட்டக்காரரின் கேள்வியிலிருந்தே தொடங்கின. நாம் இன்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வரையறையை, சமவாய்ப்பு என்ற நிபந்தனையோடு சேர்த்து, நிலைநிறுத்தியவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர்.

அந்த நிபந்தனை எங்கே உடையும் என்று காட்ட நம் வீட்டிலேயே பொருள் இருக்கிறது. தாயக்கட்டை இல்லாத இடத்தில் சோழி உருட்டுவார்கள், இல்லையென்றால் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் உரசி வெள்ளையாக்கிக்கொண்டு அதை உருட்டுவார்கள். ஒரு புளியங்கொட்டைக்கு இரண்டு விளைவு: வெள்ளை மேலே, கறுப்பு மேலே. அப்படியானால் வெள்ளை விழ 1/2 தானே? இல்லை, அப்படிச் சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் இல்லை. உரசிய பக்கம் தட்டை, உரசாத பக்கம் புடைப்பு; எவ்வளவு உரசினோம் என்பதைப் பொறுத்து அது விழுகிற விதமே மாறும். சோழியும் அப்படித்தான், வாய்ப்பக்கம் ஒரு மாதிரி, முதுகு வேறு மாதிரி. நாணயத்துக்கும் பகடைக்கும் 1/2, 1/6 என்று உருட்டிப் பார்க்காமலே சொல்ல முடிகிறது என்றால் அதற்குக் காரணம் அவற்றின் சமச்சீர் வடிவம், ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் வித்தியாசம் காட்ட முடியாத அமைப்பு. கோட்பாட்டு நிகழ்தகவு அந்தச் சமச்சீரின் மேல்தான் நிற்கிறது. அது இல்லாத இடத்தில் ஒரே வழி உருட்டிப் பார்த்து எண்ணுவதுதான்: 200 தடவை உருட்டி 120 தடவை வெள்ளை விழுந்தால் 120/200 என்று எழுதிக்கொள்ளலாம். அது பட்டறி நிகழ்தகவு. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் உரசிய கொட்டையைக் கொண்டு வந்து உருட்டினால் ஆளுக்கு ஒரு விடை வரும், வரவும் வேண்டும்.

சீரான பகடை என்று கணக்கில் எழுதுகிறோமே, அந்தச் 'சீரான' என்ற சொல் அலங்காரத்துக்கு இல்லை. 1894-ல் ஆங்கிலேய விலங்கியலாளர் வெல்டன் 12 பகடைகளை 26,306 முறை உருட்டிய கணக்கு ஒன்றைச் சேர்த்தார், பெருக்கினால் 3,15,672 பகடை விழுகைகள். 5 அல்லது 6 விழுந்தால் வெற்றி என்று எண்ணினார்கள். 2/6 என்ற கணக்குப்படி 1,05,224 வந்திருக்க வேண்டும், வந்தது 1,06,602. ஆயிரத்துச் சொச்சம் கூடுதல். இத்தனை முறை உருட்டிய பிறகு இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வராது. பகடையில் புள்ளிகளைக் குழியாகத் தோண்டுவதால் 6 புள்ளி உள்ள பக்கத்தில் அதிகப் பொருள் போய்விடுகிறது, எதிரே 1 புள்ளி உள்ள பக்கம் கனமாக இருந்து அடியில் தங்கிவிடுகிறது என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் 1/6 என்பது நம் மனதில் இருக்கும் பகடைக்கானது, மேசை மேல் கிடக்கும் பகடை அதற்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்பது தனிக் கேள்வி என்று இது காட்டிவிடுகிறது.

தமிழ் எழுத்துகளை வைத்தும் இதையே கேட்கலாம். 247 எழுத்தையும் 247 சீட்டில் எழுதி ஒரு பெட்டியில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தால் உயிரெழுத்து வர 12/247, மெய் வர 18/247, உயிர்மெய் வர 216/247, ஆய்தம் வர 1/247. அருமையான கணக்கு, எண்ணிக்கை எல்லாப் பிள்ளைக்கும் ஏற்கெனவே தெரியும். இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள்: ஒரு நாளிதழைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்தால் அது மெய்யெழுத்தாக இருக்க நிகழ்தகவு 18/247 தானா? கிட்டக்கூட வராது. 'ஙௌ' இருக்கும் பக்கத்தைத் தேடினாலும் கிடைக்காது, 'க்', 'ம்', 'ன்' எல்லாம் வரிக்கு வரி வந்து நிற்கும். சீட்டு எடுக்கும்போது 247-க்கும் சமவாய்ப்பு, நாளிதழில் இல்லை. 'கன்னியாகுமரி' என்ற ஒரு சொல்லிலேயே ஏழு எழுத்துக்கு ஒன்று மெய்.

தேர்வுக் கணக்குகளிலேயே இந்த நிபந்தனை ஒளிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. லீப் ஆண்டில் 53 ஞாயிற்றுக்கிழமை வர நிகழ்தகவு என்ன? 366 நாள் என்றால் 52 வாரம் போக 2 நாள் மிச்சம், அந்த இரண்டு நாள் ஞாயிறு-திங்கள், திங்கள்-செவ்வாய் என்று தொடங்கி சனி-ஞாயிறு வரை ஏழு ஜோடியில் ஒன்றாக இருக்கும், ஞாயிறு இருக்கும் ஜோடி இரண்டு, ஆகவே 2/7. தேர்வில் எழுத வேண்டிய விடை இதுதான், சந்தேகம் வேண்டாம். ஆனால் ஏழு ஜோடியும் உண்மையிலேயே சமவாய்ப்பு உள்ளவையா? நாம் பயன்படுத்தும் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒரு முறை அப்படியே திரும்பும், அந்த 400 ஆண்டில் 1,46,097 நாள், அது சரியாக 20,871 வாரம். அதில் லீப் ஆண்டு 97. 97-ஐ ஏழால் மீதமின்றி வகுக்க முடியாது, ஆகவே ஏழு ஜோடிக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்க வழியே இல்லை. எண்ணிப் பார்த்தால் வெள்ளியிலும் ஞாயிறிலும் தொடங்கும் லீப் ஆண்டுகள் தலா 15, செவ்வாயிலும் புதனிலும் தலா 14, மற்ற மூன்று கிழமைகளில் தலா 13. 53 ஞாயிறு வர சனியிலோ ஞாயிறிலோ தொடங்க வேண்டும், 13+15, அதாவது 28/97. செவ்வாய்க்கிழமை என்றால் திங்களிலோ செவ்வாயிலோ தொடங்க வேண்டும், 13+14, அதாவது 27/97. முதலாவது 0.2887, இரண்டாவது 0.2784, 2/7 என்பது 0.2857. வித்தியாசம் சின்னதுதான், ஆனாலும் 'சமவாய்ப்பு என்று எடுத்துக்கொண்டால்' என்ற வரியைக் கணக்கில் யார் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், 1/2 என்று கண்டுபிடித்துவிட்டால் அது என்ன வாக்குறுதி கொடுக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து முறை சுண்டினால் ஐந்து தலை விழ வேண்டும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள், நான்கோ ஏழோ விழுந்தால் சூத்திரம் பொய் என்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஜான் கெரிச் என்ற கணிதவியலாளர் ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டி எழுதி வைத்தார். முதல் 100-ல் தலை 44, முதல் 1,000-ல் 502, மொத்தம் 10,000-ல் 5,067. பாதியிலிருந்து விலகியது 100-ல் 6, 10,000-ல் 67. எண்ணிக்கையில் பார்த்தால் விலகல் கூடியிருக்கிறது, விகிதத்தில் பார்த்தால் 44 சதவீதத்திலிருந்து 50.67 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. நிகழ்தகவு பேசுவது இந்த விகிதத்தைப் பற்றி. ஐந்து தலை தொடர்ந்து விழுந்துவிட்டால் ஆறாவது பூவாகத்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால், நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது, ஆறாவது சுண்டலுக்கும் 1/2 தான் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

வகுப்பிலோ வீட்டிலோ செய்து பார்க்க ஒரு ஆட்டம் சொல்கிறேன். இரண்டு பகடை, இரண்டு பேர். உருட்டி, பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும். வித்தியாசம் 0, 1, 2 வந்தால் ஒருவருக்குப் புள்ளி, 3, 4, 5 வந்தால் மற்றவருக்கு. ஆளுக்கு மூன்று எண், சரிசமமான ஆட்டம் என்று முதலில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டு ஆடட்டும், இருபது முப்பது உருட்டுக்குள் ஒரு பக்கம் முகம் மாற ஆரம்பிக்கும். அப்போது தாளை எடுத்து ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு வித்தியாசங்களை நிரப்பச் சொல்லுங்கள். 0 வருவது 6 கட்டத்தில், 1 வருவது 10-ல், 2 வருவது 8-ல், 3 வருவது 6-ல், 4 வருவது 4-ல், 5 வருவது இரண்டே இரண்டில். முதலாமவருக்கு 24/36, இரண்டாமவருக்கு 12/36. அடுத்து அவர்களிடமே கேளுங்கள், ஆளுக்கு 18 கட்டம் வருகிற மாதிரி இந்த ஆறு எண்களை எப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்று. 1, 2 ஒருவருக்கு, மற்ற நான்கும் இன்னொருவருக்கு என்பது ஒரு வழி. இன்னும் சில வழிகளும் இருக்கின்றன.